ஈரத்தை வீசுகிறோம், சருகைக் கொளுத்துகிறோம்

(ராயகிரியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குப்பையைப் பற்றிப் பேச ஒரு சாயங்காலமா என்று நினைத்துக்கொண்டுதான் சிலர் வந்திருப்பீர்கள். இன்று காலையிலிருந்து இந்த ஊரில் எல்லா வீட்டிலும் நடந்த காரியம் ஒன்று உண்டென்றால், அது குப்பை போட்டதுதான். ஓட்டு வீட்டிலும் போட்டார்கள், மாடி வீட்டிலும் போட்டார்கள். ஆகவே பேசலாம். வீட்டுப் புறவாசலில் ஒரு டிரம்மையோ சிமெண்ட் உறையையோ வைத்து, அடுப்படிக் கழிவை எருவாக்குவது எப்படி என்பதுதான் என் பொருள். வள்ளுவரை இன்று தொந்தரவு செய்யப்போவதில்லை. எரு என்று மேடையில் வாயெடுத்தவர்கள் எல்லாம் எருவிடுதல் பற்றிய அவர் குறளைச் சொல்லிவிட்டார்கள்.

நம் ஊர்க் காலையை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் வாசல் தெளிக்கிறோம். வேம்பு உதிர்த்தது, புளி உதிர்த்தது, பூவரசு உதிர்த்தது, எல்லாச் சருகையும் வாரியல் கொண்டு கூட்டித் தெருவோரம் குவிக்கிறோம். குவித்தபின் என்ன செய்கிறோம்? தீக்குச்சியைக் கிழிக்கிறோம். ஏழு மணிக்குத் தெரு முழுக்கப் புகை. அதற்குள் சமையல் முடிகிறது. வெங்காயத் தோல், வாழைக்காய்த் தோல், கீரைத் தண்டு, டீத்தூள், மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு முடிச்சுப் போடுகிறோம். தூய்மைப் பணியாளர் வண்டி வந்தால் வண்டியில் போடுகிறோம். வராவிட்டால்? வாறுகால் இருக்கவே இருக்கிறது.

காய்ந்ததைக் கொளுத்தினோம். ஈரத்தை வீசினோம். இந்த இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்துப் போட்டிருந்தால் எரு. தனித்தனியாக அழித்தோம், புகையும் நாற்றமும் மிச்சம். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனிப் பேசுவதெல்லாம் இதற்கு விளக்கம்.

இது புதுச் சரக்கா? முன்வரிசையில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் இருக்கிறீர்கள், உங்களையே கேட்கிறேன். உங்கள் வீட்டுத் தொழுவுக்குப் பக்கத்தில் எருக்குழி இருந்ததா இல்லையா? சாணி, மாடு தின்று கழித்த வைக்கோல், மூத்திரம் ஊறிய மண், அடுப்புச் சாம்பல், வீடு கூட்டிய தூசு எல்லாம் அதில்தானே விழுந்தன? கோடையில் வண்டி கட்டி வயலுக்குக் குப்பை அடித்தார்கள். போதாத வயலில் ஆட்டுக்கிடை போட்டார்கள். குளம் வற்றினால் கரம்பை அள்ளினார்கள். வீட்டில் சேர்ந்ததைப் பஞ்சாயத்து வந்து அள்ள வேண்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை.

அந்த எருக்குழி ஏன் செத்தது? மாடு குறைந்தது ஒரு காரணம். மூட்டையில் யூரியா வந்தது இன்னொரு காரணம். ஆனால் அதன் கழுத்தை நெரித்தது பாலிதீன் பை. ஒரு வண்டி எருவில் பத்துப் பை கிடந்தால் எந்த சம்சாரி அதை வயலில் கொட்டுவார்? 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது. தடையும் இருக்கிறது, பையும் இருக்கிறது.

அதே எருக்குழியைப் பற்றிய ஒரு கதைக்காக இப்போது கொஞ்சம் வடக்கே போய் வருவோம். 1905-ல் ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர் பீகாரிலுள்ள பூசாவுக்குத் தாவரவியல் அறிஞராக வந்தார். இந்தியருக்கு விவசாயம் கற்றுக்கொடுக்கத்தான் அவரை அனுப்பினார்கள். வந்தவர் வயலைப் பார்த்தார், உழவரைப் பார்த்தார், இவர்களிடம்தான் நான் கற்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். 1924-ல் இந்தூருக்குப் போனார். அங்கே பயிர்க்கழிவைச் சீக்கிரம் மக்க வைக்கும் வழியை வருடக்கணக்கில் சோதித்து, 1931-ல் நூலாக வெளியிட்டார். அந்த நூலுக்கு ஆசிரியர்கள் இரண்டு பேர். இன்னொருவர் உடன் வேலை பார்த்த யஷ்வந்த் வாட் என்ற இந்தியர். ஹோவர்டை உலகம் நினைவு வைத்திருக்கிறது, வாட் என்பவரை மறந்துவிட்டது. இதைச் சொல்லாமல் தாண்ட எனக்கு மனசு வரவில்லை.

அந்த இந்தூர் முறையில் என்னதான் இருந்தது? செடிகொடிக் கழிவு, சாணம், மூத்திரம் ஊறிய மண், சாம்பல். யோசித்துப் பாருங்கள், உங்கள் தாத்தாவின் எருக்குழியில் விழுந்த அதே சாமான்கள்! ஹோவர்ட் சேர்த்தது அளவு, ஈரம், காற்று. எதை எவ்வளவு போடுவது, எப்போது தண்ணீர் தெளிப்பது, எந்த நாளில் புரட்டுவது என்று கணக்குப் போட்டார். மூன்று மாதத்தில் எரு கிடைத்தது. 1935-ல் இந்தூருக்குப் போன காந்தியடிகள் அந்த நிலையத்தைப் பார்த்தார், பிறகு தம் பத்திரிகையில் அந்த முறையை எடுத்துச் சொன்னார். 1939-ல் பெங்களூரில் சி.என். ஆச்சார்யா நகரக் குப்பைக்கென்று வேறொரு முறையைக் கண்டார். அது புரட்டத் தேவையில்லாத, மண் பூசி மூடிவைக்கும் முறை.

நமக்குப் பக்கத்து ஆள் ஒருவரும் இந்தக் கதையில் உண்டு. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டினால் தே. கல்லுப்பட்டி. அங்கே காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் கடைசிக் காலத்தைக் கழித்தவர் ஜே.சி. குமரப்பா. 1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர், அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர். அத்தனை படித்துவிட்டு வந்து, மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்குத் திருப்பித் தராத பொருளாதாரம் கொள்ளைக்குச் சமம் என்ற எண்ணத்தில் நின்றவர். கிராமத்தில் கழிவு என்று ஒன்றைத் தனியாக ஒதுக்க அவர் ஒப்பவில்லை.

சரி, பெரியவர்கள் செய்தார்கள், நமக்கு ஏன் வரவில்லை? வீட்டில் டிரம் வைத்தவர்கள் இங்கேயே சிலர் இருப்பீர்கள். ஒரு மாதத்தில் என்ன ஆனது? நாற்றம், கொசகொசவென்று புழு, அடியில் கறுப்புத் தண்ணீர். பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். அத்தோடு டிரம் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கும். அப்படித்தானே?

அந்த டிரம்மில் என்ன குறை? ஒரே ஒரு குறைதான். அதில் சருகு இல்லை. அடுப்படிக் கழிவு மட்டும் இருந்தது. சருகைக் காலையிலேயே கொளுத்திவிட்டோமே!

இதன் உள்விவரத்தைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். மக்க வைப்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றுக்குக் கார்பனும் வேண்டும், நைட்ரஜனும் வேண்டும். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருந்தால் வேலை ஒழுங்காக நடக்கும். அடுப்படிக் கழிவில் கார்பன் ஏறத்தாழ 15, 20 பங்குதான். காய்ந்த சருகில் அது 50-ஐத் தாண்டும், வைக்கோலில் 80 வாக்கில், கரும்புத் தோகையில் இன்னும் கூடுதல். அடுப்படிக் கழிவை மட்டும் குவித்தால் மிஞ்சிய நைட்ரஜன் அம்மோனியாவாகி மூக்கைத் துளைக்கும். அதோடு முடிந்ததா? ஈரக் கழிவு தன் பாரத்தில் தானே அமுங்கி, இடுக்கில் இருந்த காற்றை வெளியே தள்ளிவிடும். காற்றில்லாத இடத்தில் வேறு நுண்ணுயிர்கள் பெருகும். அழுகிய முட்டை நாற்றம் அவற்றின் கைவேலை. பெரிய குப்பை மேடுகளில் மீத்தேன் வாயு பிறப்பதும் அதே காற்றில்லாத வேலையில்தான். வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் மீத்தேன் கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேல் வலுவானது. சருகு கார்பனும் தருகிறது, இடுக்கில் காற்றுக்கு வழியும் விடுகிறது, வழியும் தண்ணீரையும் உறிஞ்சுகிறது. மூன்று வேலை செய்கிற அந்தச் சருகைத்தான் தினமும் தீயில் போடுகிறோம். தெருவில் குப்பை கொளுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. அந்த அபராதம் விதித்தால் நம் தெருவில் யார் மிஞ்சுவோம்?

கொளுத்துவது இப்படி. அடுத்து, வீசுவது. மேற்கே திரும்பிப் பாருங்கள். மலை தெரிகிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். 2024 டிசம்பரில் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் நடுக்கல்லூர், கொண்டாநகரம் பகுதிகளில் கேரள மருத்துவமனைக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனார்கள். நமக்குக் கோபம் வந்ததா இல்லையா? வர வேண்டிய கோபம்தான். தீர்ப்பாயம் உத்தரவு போட்டது, அவர்களே லாரிகளோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். நல்லது. ஆனால் அதே கோபத்தோடு ஒரு கேள்வி கேட்கிறேன். நம் வீட்டுக் குப்பை எங்கே போகிறது? ஊருக்கு வெளியே என்கிறோம். ஊருக்கு வெளியே என்றால் யாருடைய கிணற்றுப் பக்கம்? யாருடைய தோட்டத்துப் பக்கம்?

இந்தக் கேள்வியைக் கேரளத்துக்காரர்கள் தங்களுக்குள்ளேயே கேட்டு அடித்துக்கொண்டார்கள். திருவனந்தபுரம் நகரத்துக் குப்பையெல்லாம் விளப்பில்சாலை என்ற கிராமத்திலிருந்த உர ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தது. பெயர்தான் உர ஆலை. பிரிக்காத குப்பை மலையாகக் குவிந்தது, கறுப்புத் தண்ணீர் ஓடைக்கு இறங்கியது. வருடக்கணக்கில் பொறுத்த ஊர், 2011 டிசம்பரில் ஆலைக் கதவைப் பூட்டியது. கிராமப் பஞ்சாயத்து, தலைநகரத்தின் குப்பை வண்டிக்குப் பூட்டுப் போட்டது! போலீஸ் காவலோடு திறக்கப் பார்த்தும் நடக்கவில்லை, பெண்கள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அப்புறம் நகரம் என்ன செய்தது? வேறு வழியின்றி, வீட்டுக்கு வீடு மக்கு பானையும் தொட்டியும் கொடுக்கத் தொடங்கியது. முதலிலேயே கொடுத்திருந்தால் அந்தப் பெண்கள் சாலையில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

ஆலப்புழையிலும் இதே கதைதான். அந்த நகரத்துக் குப்பை போன சர்வோதயபுரம் மக்கள் லாரியை மறித்தார்கள். 2012-ல் ஆலப்புழை, வீட்டுக் கழிவை வீட்டிலேயே முடிப்பது என்ற திட்டத்தில் இறங்கியது. குழாயில் மக்க வைக்கும் உரம், உயிரி எரிவாயுக் கலன், தெரு முனையில் மக்குக் கூண்டு. 2017-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு, குப்பையை நன்றாகக் கையாளும் உலக நகரங்கள் ஐந்தில் ஒன்றாக ஆலப்புழையைச் சொன்னது. மற்றவற்றில் ஜப்பானின் ஒசாகாவும் ஒன்று. படகு வீட்டுக்குப் பெயர் போன ஊர் இந்த வரிசையில் உட்காரும் என்று யார் நினைத்தது?

அந்தத் தெருமுனைக் கூண்டின் பெயர் தும்பூர்முழி. அதிரப்பள்ளி அருவிப் பக்கத்தில், தும்பூர்முழியில் உள்ள மாட்டுப் பண்ணையில் கால்நடை மருத்துவர்கள் வகுத்த முறை. நாலடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரம். சுற்றிலும் காற்றுப் புகும் இடைவெளி. அடியில் அரையடி பச்சைச் சாணம், அதன்மேல் அரையடி சருகு, அதன்மேல் கழிவு, மறுபடி சாணம், மறுபடி சருகு. புரட்ட வேண்டாம். உள்ளே 70 டிகிரி வரை சூடு ஏறும், மூன்று மாதத்தில் எரு. மீன் கழிவையும் அது தின்றுவிடும். மாட்டுக் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் சாணத்தோடு வந்து அங்கே வேலை பார்க்கின்றன. சாணமும் சருகும் அவர்கள் ஊரை விட நம் ஊரில் குறைவா என்ன? நாலைந்து வீடு சேர்ந்தால் இதைக் கட்டலாம். ஆனால் இன்று என் பேச்சு தனி வீட்டைப் பற்றி.

தனி வீட்டுக்கு டிரம் நல்லதா, உறை நல்லதா? பலரும் டிரம் என்பார்கள். நான் சிமெண்ட் உறையைத்தான் சொல்வேன். கழிவறைக் குழிக்கு இறக்கும் அதே மூன்றடி உறை. இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் புறவாசல் மண்ணில் நேராக வையுங்கள். அடி திறந்திருப்பதால் மிஞ்சிய ஈரம் மண்ணுக்கு இறங்கும், மண்புழு தானே ஏறி வரும். நாய் தள்ளிவிட முடியாது. பெருச்சாளிக்கு அடியில் ஒரு கம்பி வலை, மேலே கனமான மூடி. இடமில்லாதவர்கள் 200 லிட்டர் டிரம்மை எடுங்கள், சுற்றிலும் விரல் கனத்தில் ஓட்டை போட்டுச் செங்கல்மேல் நிறுத்துங்கள். வாங்கும்போது அதற்குள் முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். பூச்சி மருந்து இருந்த டிரம் வேண்டவே வேண்டாம்.

எதில் செய்தாலும் முறை ஒன்றுதான். அடியில் ஒரு சாண் உயரம் தேங்காய் மட்டை, சுள்ளி. அதன்மேல் ஒரு கூடை தொழு உரமோ மரத்தடி மண்ணோ. பிறகு தினமும் ஒரு பங்கு அடுப்படிக் கழிவு, அதை மூடும்படி இரண்டு பங்கு சருகு. எடையில் அல்ல, வாளிக் கணக்கில். ஈரம் கண்ணுக்குத் தெரியாமல் சருகு மூடியிருந்தால் ஈ வராது. வாரம் ஒருமுறை கம்பியால் குத்திக் கிளறுங்கள். மாடு தின்பதை மாட்டுக்கே கொடுங்கள், கழுநீரும் பழத்தோலும் மாட்டுத் தொட்டிக்குப் போகட்டும். ஊறுகாய், கருவாடு, எண்ணெய்ப் பண்டம், இறைச்சி எலும்பு இவை மட்டும் உறைக்கு ஆகாது.

ஈரம் எவ்வளவு? தாய்மார்களுக்கு அளவுகோல் தேவையில்லை. புட்டுக்கு மாவு பிசறுவீர்களே, கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், அந்தப் பதம். ஆடிக் காற்றில் உறை காய்ந்துவிடும், தெளியுங்கள். ஐப்பசி மழையில் ஊறிவிடும், மூடுங்கள், சருகைக் கூட்டுங்கள்.

மழையில் சருகுக்கு எங்கே போவது? நல்ல கேள்வி. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தோற்கிறார்கள். மாசி, பங்குனியில் வேம்பு மொத்தமாக உதிர்க்கும். அந்த மாதச் சருகைச் சாக்கில் போட்டு, மிதித்துக் கட்டி, நனையாத மூலையில் அடுக்குங்கள். புளியஞ்சருகு கிடைத்தால் விடவே விடாதீர்கள், அது பொடி இலை, சீக்கிரம் மக்கும். வேப்பஞ்சருகு கொஞ்சம் தாமதிக்கும், மற்றதோடு கலந்து போடுங்கள். வாழைச் சருகு, தென்னை ஓலை என்றால் நறுக்க வேண்டும். வயல் உள்ளவர்கள் கரும்புத் தோகையைக் கொண்டுவாருங்கள். நம் சிவகிரிப் பக்கத்தில் அறுப்பு முடிந்த வயலில் அது எரிவதைப் பார்த்தால் எனக்கு வயிறும் சேர்ந்து எரியும். ஆகவே உறை வாங்குவதற்கு முன்னால் சாக்கு வாங்குங்கள். பத்துச் சாக்குச் சருகு சேர்ந்தபின் உறைக்கு ஆள் சொல்லுங்கள். சருகு இல்லாத வீட்டுக்கு உறை எதற்கு?

புழு வருகிறதே என்கிறார்கள். சாம்பல் நிறத்தில் தட்டையாக நெளியும் புழு பெரும்பாலும் கறுப்புச் சிப்பாய் ஈயின் புழு. அது கழிவைத் தின்று வேலையைச் சுருக்கும். அதன் ஈ வீட்டு ஈ மாதிரி சோற்றில் வந்து உட்காராது. பிடிக்கவில்லையென்றால் கோழியை அவிழ்த்துவிடுங்கள். மண்புழுவை விலைக்கு வாங்க வேண்டுமா? சென்னையில் மண்புழு ஆய்வுக்கே வாழ்நாளைக் கொடுத்த பேராசிரியர் சுல்தான் அகமது இஸ்மாயில், நம் மண்ணிலேயே உள்ள புழுக்கள் போதும் என்று சொல்லி வந்தவர். சாணமும் ஈரமும் நிழலும் இருந்தால் அவை வரும்.

பாம்பு வருமே? பாம்பு எலியைத் தேடி வரும், எலி சோற்றைத் தேடி வரும். வலையும் மூடியும் இருந்தால் இரண்டுக்கும் வேலையில்லை. ஆனாலும் கையை விடுமுன் கம்பியால் தட்டுங்கள், இரவில் கிளறாதீர்கள்.

உறை நிரம்ப மூன்று நாலு மாதம் ஆகும். நிரம்பியபின் இன்னும் இரண்டு மூன்று மாதம் சும்மா விட வேண்டும். அந்த நாட்களில் கழிவைப் போட, பக்கத்தில் இதே மாதிரி இரண்டாவது உறை அடுக்கு ஒன்று வேண்டும். அவசரப்பட்டு அரைகுறையாக மக்கியதைச் செடிக்குப் போட்டால், மக்குகிற வேலை அங்கே தொடரும், செடிக்குப் போக வேண்டிய நைட்ரஜனை அதுவே எடுத்துக்கொள்ளும், இலை மஞ்சளாகும். நன்றாக மக்கியது கறுத்து, உதிரியாக, மழைக்குப் பிந்திய மண்வாசனையோடு இருக்கும். மணல் சல்லடையில் சலித்து, இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு கலந்தால் முருங்கைக்கும் கத்தரிக்கும் எலுமிச்சைக்கும் போதும்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்க மாட்டேன். கூட்டுவது பெண்கள், நறுக்குவது அவர்கள், பாத்திரம் கழுவுவது அவர்கள். இப்போது உறையையும் அவர்கள் தலையில் கட்டப் பார்க்கிறோம். 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதி குப்பையைத் தரம் பிரிக்கும் கடமையை வீட்டுக்கு வைத்தது. வீட்டிலுள்ள பெண்ணுக்கு என்று அதில் எழுதவில்லை! சாக்கு தூக்குவதும், உறையைக் கிளறுவதும், எரு சலிப்பதும் ஆண்கள் வேலையாக இருக்கட்டும். வேட்டியை மடித்துக் கட்டினால் வாரத்துக்கு அரைமணி நேரம். டீக்கடையில் அதைவிடக் கூட உட்காருகிறோம்.

மண்டபத்துக்குப் பின்புறம் இரண்டு உறை அடுக்கு வைத்திருக்கிறார்கள். ஒன்று பாதி நிரம்பியது, மற்றது சலிக்கத் தயாராக இருக்கிறது. கம்பியால் தட்டிவிட்டுக் கையை விட்டுப் பாருங்கள், மோந்து பாருங்கள். உறை இறக்கும் தம்பிகளும் அங்கேயே நிற்கிறார்கள், விலையை அவர்களிடமே பேசிக்கொள்ளுங்கள். மூன்றாவது வரிசையில் ஓர் அம்மா நான் பேசத் தொடங்கியதிலிருந்து கை தூக்கிக்கொண்டே இருக்கிறார்கள். சொல்லுங்கம்மா, உங்கள் கேள்விதான் முதலில்.